காதைத் தொட்ட கையும் மணிக்கட்டு எலும்பும்

"வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு, பார்க்கலாம்."

தமிழ்நாட்டுக் கிராமங்களில் சென்ற தலைமுறையில் பள்ளிக்கூடம் சேர்ந்தவர்களுக்கு இந்த நுழைவுத் தேர்வு நன்றாகவே நினைவிருக்கும். விரல் காதைத் தொட்டால் பையன் ஒன்றாம் வகுப்புக்குத் தயார். தொடவில்லையென்றால் அடுத்த வருடம் வர வேண்டும். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஜவ்வாது மலைக் கிராமங்கள் போன்ற இடங்களில் இதற்குத் தேவையும் அதிகம் இருந்தது. பிரசவம் வீட்டிலேயே நடக்கும். பிறந்த நாளை எழுதி வைக்கும் வழக்கம் இருக்காது. வாத்தியாரே ஆண்டைக் கணக்குப் போட்டு, மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். அன்று முதல் அதுதான் அவனுடைய பிறந்த நாள்.

இதற்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நிறைய இருக்கிறது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் விளையாட வரும் ஒரு பையனின் மணிக்கட்டை ஸ்கேன் செய்து பார்ப்பதும், மலைப் பள்ளியில் காதைத் தொடச் சொன்னதும் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன. காகிதத்தில் உள்ள வயதை நம்புவதா, உடம்பில் உள்ள வயதை நம்புவதா? இந்தக் கேள்வியின் வரலாறு சுவாரசியமானது. எத்தனையோ பையன்களின் எதிர்காலமும் இதில் அடங்கியிருக்கிறது.

ஒரு தந்தையின் குறிப்பேடு

மனித வளர்ச்சியை முதன்முதலில் முறையாக அளந்தவர் பள்ளி வாத்தியாரோ மருத்துவரோ அல்ல, ஒரு தந்தை. பிரான்ஸைச் சேர்ந்த மோன்பெய்யார் என்ற பிரபு, 1759-இல் பிறந்த தன் மகனின் உயரத்தை சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்து வந்தார். 1777 வரை, அதாவது பையனுக்கு 18 வயதாகும் வரை இது தொடர்ந்தது. இயற்கை விஞ்ஞானி புஃபோன் அந்தக் கணக்கைத் தன் நூலில் வெளியிட்டார்.

அந்தக் குறிப்பேட்டை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். குழந்தை பிறந்த பிறகு வளர்ச்சியின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. பிறகு 14 வயதை ஒட்டித் திடீரென்று எகிறுகிறது. சராசரியாக ஆண் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் ஒரே ஆண்டில் 9 முதல் 10 செ.மீ. வரை வளர்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது சுமார் இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடும்.

14 என்பது சராசரிதான். ஒருவனுக்கு 12 வயதிலேயே இந்தப் பாய்ச்சல் வரும். இன்னொருவனுக்கு 16 வரை வராது. இருவரும் ஆரோக்கியமானவர்களே. ஆனால் இருவரையும் 13 வயதில் ஒரே மைதானத்தில் நிறுத்தினால், ஒருவன் இளைஞன், மற்றவன் சிறுவன்.

ஆலையில் பல்லைப் பார்த்த கதை

உடம்பை வைத்து வயதைக் கண்டுபிடிக்கும் வேலை முதலில் விளையாட்டுக்காகத் தொடங்கவில்லை, தொழிற்சாலைக்காகத் தொடங்கியது. 1833-இல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டு வந்தது. 9 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை நெசவு ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது, 9 முதல் 13 வயது வரை உள்ளவர்களுக்கு வேலை நேரம் குறைவு என்றது அந்தச் சட்டம். ஆனால் வயதை எப்படி நிரூபிப்பது? இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு முறையே 1837-இல்தான் தொடங்கியது. எனவே குழந்தையின் உயரத்தைப் பார்த்து வயதைச் சொன்னார்கள். உயரத்தை விடப் பற்களே நம்பகமானவை என்று எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் 1837-இல் ஒரு சிறு நூலே எழுதினார்.

அங்கே ஏழைப் பெற்றோர், கூலிக்காகக் குழந்தையின் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். இன்று கால்பந்தில் வயதைக் குறைத்துச் சொல்கிறார்கள். கணக்கு தலைகீழ், ஆனால் காரணம் ஒன்றே. வயது என்ற எண்ணுக்குப் பண மதிப்பு வந்துவிட்டால், அந்த எண்ணைத் திருத்த யாராவது வருவார்கள்.

எலும்பின் சாட்சி

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகு, உடம்புக்குள்ளேயே ஒரு நாட்காட்டி இருப்பது தெரிய வந்தது. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்குள்ள சிறு எலும்புகள் தெரியாது. எல்லாம் குருத்தெலும்பாகவே இருக்கும். வயது ஏற ஏற ஒவ்வொன்றாகத் தோன்றும். நீண்ட எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி உண்டு. வளர்ச்சி முடியும்போது அது மூடி எலும்போடு எலும்பாகச் சேர்ந்துவிடும். அதன்பின் உயரம் கூடாது.

அமெரிக்காவின் கிரூலிக், பைல் ஆகிய இருவரும் 1950-இல் இதற்கு ஒரு படத்தொகுப்பு வெளியிட்டார்கள். பையனின் எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்து, எந்தப் படத்தோடு ஒத்துப் போகிறதோ அதுவே அவன் "எலும்பு வயது". இங்கிலாந்தில் டானரும் ஒயிட்ஹவுஸும் ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடும் முறையை உருவாக்கினார்கள். 2001-இல் வந்த அதன் மூன்றாவது வடிவம்தான் டி.டபிள்யூ.3. இந்திய விளையாட்டு உலகில் அடிக்கடி அடிபடும் பெயர் இது.

எலும்பு வயதும் பிறந்த தேதியும் ஒன்றல்ல. ஒரே நாளில் பிறந்த இரண்டு 13 வயதுப் பையன்களின் எலும்பு வயதில் மூன்று நான்கு ஆண்டுகள் வித்தியாசம் இருந்தாலும் அது இயல்பானதே.

கால்பந்துக்கு வந்த வயதுச் சண்டை

1985-இல் ஃபிஃபா, 16 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியைச் சீனாவில் தொடங்கியது. நைஜீரியா வென்றது. 1991 முதல் இது 17 வயதுக்குட்பட்டோர் போட்டியானது. இளம் வீரர்களுக்கு மேடை கிடைத்தது, கூடவே மோசடியும் வந்தது. 1988-இல், இளையோர் தகுதிச் சுற்றில் வயது கடந்தவர்களை ஆட வைத்ததற்காக மெக்சிகோவுக்கு ஃபிஃபா இரண்டு ஆண்டு தடை விதித்தது. அதனால் 1990 உலகக் கோப்பையில் மெக்சிகோவின் முதன்மை அணியே விளையாட முடியவில்லை. அடுத்து, வீரர்களின் பிறந்த தேதிகள் முரண்பட்டதற்காக நைஜீரியாவின் இளையோர் அணிகளும் தடை செய்யப்பட்டன.

விளையாட்டுக்காக ஆரோக்கியமான பையன்கள் மீது எக்ஸ்ரே கதிர்வீச்சைச் செலுத்துவது சரியல்ல என்பதால், கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. முறையை ஃபிஃபாவின் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சுவிட்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளின் 14 முதல் 19 வயது வரையுள்ள 496 பேரின் மணிக்கட்டுகளைப் பரிசோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். மணிக்கட்டில் உள்ள ஆர எலும்பின் வளர்ச்சித் தட்டு 17 வயதுக்கு முன் முழுதாக மூடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்றது அந்த ஆய்வு. 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தச் சோதனை நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசும் 2010-இல் வயது மோசடிக்கு எதிரான தேசிய விதிகளை வெளியிட்டது.

இங்கேதான் மலைப் பள்ளியின் பதிவேடு மறுபடியும் நினைவுக்கு வருகிறது. எவனோ ஒருவனுக்கு வாத்தியார் ஒரு வருடம் குறைத்து எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து ஸ்கேன் எந்திரம் அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லக்கூடும். அவன் ஏமாற்றவில்லை. அவனுடைய காகிதம்தான் தவறு. மாறாக ஒரு வருடம் கூட்டி எழுதியிருந்தால், தன்னைவிடப் பெரியவர்களோடு மோதியே அவனுடைய இளமை முழுவதும் கழிந்துவிடும். அதை எந்த ஸ்கேனும் கண்டுபிடித்துச் சொல்லாது.

சோதனை காப்பாற்றாத பையன்

வயது மோசடியைத் தடுத்துவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடுமா? ஆகாது. 13 வயதில் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? வேகமாக ஓடுபவனை, உயரமாகத் தாவுபவனை, மோதினால் விழாதவனை. அதாவது பெரும்பாலும் சீக்கிரம் வளர்ந்தவனை. தமிழ்நாட்டு விளையாட்டு விடுதிகளிலும் 7-ஆம் வகுப்பிலேயே, அதாவது 12 வயதை ஒட்டியே, மாணவர்களைச் சேர்க்கிறார்கள். வளர்ச்சிப் பாய்ச்சல் ஒருவனுக்கு வந்து, மற்றவனுக்கு வராத வயது அது.

பிறந்த மாதமும் இதில் விளையாடுகிறது. ஜனவரி 1 கணக்கு நாள் என்றால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் பதினோரு மாதம் என்பது சின்ன வித்தியாசமல்ல. பெல்ஜியத்தில் 1997-இல் இளையோர் கணக்கு நாளை ஆகஸ்ட் 1-லிருந்து ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அதுவரை ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்தவர்கள் அதிகமாகத் தேர்வானார்கள். மாற்றிய பிறகு ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் அதிகமானார்கள். திறமை மாதம் மாறிப் பிறக்கவில்லை. விதிதான் மாறியது.

சிலர் இந்த இடத்தில் லயனல் மெஸ்ஸியை உதாரணம் காட்டுவார்கள். அவருக்கு இருந்தது வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு. அதற்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 2000-ஆம் ஆண்டு பார்சிலோனா கிளப் அவரைச் சேர்த்து அந்தச் செலவை ஏற்றது. தாமதமாக வளர்வது நோயல்ல. அதற்கு மருந்து தேவையில்லை, பொறுமைதான் தேவை.

சீக்கிரம் வளர்பவனுக்கும் கஷ்டம் உண்டு. பாய்ச்சலின்போது முதலில் கால்கள் நீளும், பிறகுதான் உடல். தசையின் பலம் இன்னும் பின்னால்தான் வந்து சேரும். அந்த இடைவெளியில், நேற்று வரை சரியாக வந்த பாஸ் இன்று தவறலாம். அதிகம் ஓடி உதைக்கும் பையனின் முழங்காலுக்குக் கீழே வலியும் வீக்கமும் வரும். 1903-இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியாக விவரித்த கோளாறு இது. குதிகாலில் வரும் இதே போன்ற வலியை 1912-இல் செவர் விவரித்தார். விஷயம் தெரிந்த பயிற்சியாளர் இந்த மாதங்களில் பயிற்சியின் சுமையைக் குறைப்பார். தெரியாதவர் சோம்பேறி என்று திட்டுவார்.

உடம்பைப் பார்த்துப் பிரிப்பது

பெல்ஜியக் கால்பந்துச் சங்கம் 2008 முதல், தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தனியாக இளையோர் அணிகளை நடத்தத் தொடங்கியது. இங்கிலாந்து பிரீமியர் லீக் 2015-இல் இன்னொரு முயற்சி செய்தது. பிறந்த ஆண்டைப் பார்க்காமல், ஒருவன் தன் இறுதி உயரத்தில் எத்தனை சதவீதத்தை எட்டியிருக்கிறான் என்று பார்த்து அணி பிரித்தார்கள். 85 முதல் 90 சதவீதம் வரை எட்டியவர்கள் ஒரு பிரிவு. சீக்கிரம் வளர்ந்தவர்களுக்கு முதல்முறையாகத் தங்களுக்குச் சமமானவர்களோடு மோத வேண்டியிருந்தது. அதனால் பலத்தை மட்டும் நம்பாமல் யோசித்து ஆட வேண்டி வந்தது. தாமதமாக வளர்பவர்களுக்கோ தங்கள் திறமையைக் காட்ட இடம் கிடைத்தது.

யோசித்துப் பார்த்தால், தேதியை ஒதுக்கிவிட்டு "இவன் உடம்பு தயாரா?" என்று கேட்பதுதானே இது! காதைத் தொடச் சொன்ன வாத்தியார் கேட்டதும் அதையேதான்.

மறுபடியும் மலைக்கு

இன்று காது தொடும் தேர்வு இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் வயதுக்குப் பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறது. சான்று இல்லையென்று எந்தக் குழந்தைக்கும் இடம் மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம். காகிதம் ஒருவழியாகச் சரியாகி வருகிறது.

உடம்பின் கணக்குதான் பாக்கி. கிரூலிக், பைல் படத்தொகுப்பு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து வசதியான வெள்ளைக் குடும்பத்துக் குழந்தைகளை வைத்து உருவானது. இறுதி உயரத்தைக் கணிக்க பிரீமியர் லீக் பயன்படுத்திய 1994-ஆம் ஆண்டு சூத்திரமும் அதே ஒஹாயோவில் நடந்த வேறொரு ஆய்விலிருந்து வந்தது. சாமை விளையும் ஜவ்வாது மலையின் பையனை ஒஹாயோ அளவுகோலால் அளந்தால் விடை எவ்வளவு சரியாக இருக்கும்?

இதற்கு விலை உயர்ந்த எந்திரம் எதுவும் தேவையில்லை. 260 ஆண்டுகளுக்கு முன் மோன்பெய்யார் செய்ததைச் செய்தால் போதும். ஒரு அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை. மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கிறார்கள். இப்படி ஒரு குறிப்பேட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஐந்தாறு வருடக் கணக்கு கையில் இருந்தால், தேர்வுக்கு வரும் பயிற்சியாளரிடம் "இவன் இன்னும் வளர ஆரம்பிக்கவில்லை ஐயா, இரண்டு வருடம் பொறுத்துப் பாருங்கள்" என்று உடற்கல்வி ஆசிரியர் ஆதாரத்தோடு சொல்ல முடியும்.

அந்தக் காலத்தில் கை காதைத் தொடாத பையனைக்கூட "அடுத்த வருடம் வா" என்றுதான் அனுப்பினார்கள். "நீ வேண்டாம்" என்று அனுப்பவில்லை. கால்பந்துத் தேர்வில் தோற்கும் 13 வயதுப் பையனுக்கும் அந்த ஒரு வார்த்தை கிடைக்க வேண்டும்.