படைவிமானியும் குடிசார் அனுமதிப்பத்திரமும்

போர்விமானம் செலுத்திய ஒருவன் பயணிகள் விமானம் செலுத்த விரும்பின், கற்றவற்றை மீண்டுங் கற்கவேண்டுமோ? வேண்டா என்பதே ஐக்கிய அமெரிக்க நாட்டுச் சட்டத்தின் விடை. படையிற் பெற்ற தேர்ச்சிக்குச் சான்று காட்டி, குடிசார் விமானப் போக்குவரத்து விதிகளைப் பற்றிய எழுத்துப் பரீட்சையிற் சித்தியெய்தினால், பறத்தற் பரீட்சையின்றியே வணிக விமானி அனுமதிப்பத்திரம் பெறலாம். காற்றிற்கும் மேகத்திற்கும் படையென்றுங் குடியென்றும் வேறுபாடில்லையாதலின் இது நேரிய ஏற்பாடே.

ஆயின், அனுமதிப்பத்திரம் வேறு, தொழில் வேறு. கறுப்பினத்தவரான மார்லன் கிறீன் என்பார் அமெரிக்க வான்படையிற் கப்டனாயிருந்தவர். மூவாயிரம் மணித்தியாலத்துக்கு மேற் பறந்தவர். 1957 இல் படையினின்றும் விலகிக் கொன்ரினென்ரல் விமானக் கம்பனிக்கு விண்ணப்பித்தார். அவரினும் அனுபவங் குறைந்த வெள்ளையர் தெரிவுசெய்யப்பட்டனர். நிறமே இதற்குக் காரணமெனக் கொலராடோ மாநிலத்தின் பாகுபாட்டுத் தடை ஆணைக்குழு கண்டது. கம்பனியோ, மாநிலங்களுக்கிடையிலான வாணிகத்தில் ஒரு மாநிலச் சட்டம் தலையிடலாகாது என வழக்காடிற்று. நிறவேற்றுமையைக் காக்க வாணிகம் கேடயமாயினமை காண்க! மாநில நீதிமன்றங்கள் அவ்வாதத்தை ஏற்றன. 1963 ஏப்பிரில் 22 ஆந் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதனைத் தள்ளியது.

இதன்பின், வான்படையிற் குண்டுவீச்சு விமானம் செலுத்திய டேவிட் ஹரிஸ் என்னும் கறுப்பினத்தவரை அமெரிக்கன் எயர்லைன்ஸ் 1964 இல் ஏற்றுக்கொண்டது. வழக்காடி வென்ற கிறீனுக்கோ 1965 இலேயே வேலை கிடைத்தது. 1978 வரை பறந்தார். கொன்ரினென்ரல் கம்பனி தன் விமானமொன்றிற்கு அவர் பெயரைச் சூட்டியது 2010 இல். அவர் அதற்கு முந்திய ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.