முள்ளின் பரீட்சை

திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் உற்சவம் போன்றவற்றை விட்டால், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே உள்ள வானம் பார்த்த கிராமங்களுக்குச் சங்கீதம் வந்தது வேப்பமரத்தில் கட்டிய குழாய் வழியாகத்தான். இதன் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர்கள் பாடியவர்களையும் வாசித்தவர்களையும் பட்டியலிடுகிறார்கள். தட்டுக்கும் காதுக்கும் நடுவே இருந்த முள்ளை மறந்துவிடுகிறார்கள்.

சிறுவயதில் நான் பார்த்த ரேடியோ செட்காரர் கல்யாணப் பந்தலில் முதல் காரியமாக ஒரு பரீட்சை செய்வார். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தின் ‘சிங்கார வேலனே’ தட்டைச் சுழலவிட்டு, முள்ளை அதன் கடைசிப் பகுதியில் வைப்பார். எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் இடம். அங்கே கரகரக்காவிட்டால் இரவு முழுவதற்கும் கவலையில்லை. கரகரத்தால், முள்ளைத் தாங்கும் தலையில் ஒரு நாலணாவை வைத்துக் கட்டுவார்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் சரியானது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், மையத்தை நெருங்க நெருங்க முள்ளின் கீழ் ஓடும் தடத்தின் நீளம் குறைகிறது. எல்.பி. தட்டின் விளிம்பில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ.; முடிவில் 20 அளவுதான். நாதம் நெருக்கி எழுதப்பட்ட அந்த இடத்தில் கனத்த முள் வளைவுகளைத் தொடரமாட்டாமல் சுவரில் மோதுகிறது. மேல்நாட்டில் வேறு விதமான பரீட்சைக்கு, 1979இல் டெலார்க் வெளியிட்ட சாய்க்கோவ்ஸ்கியின் ‘1812’ தட்டு பெயர்பெற்றது. அதில் பீரங்கி முழக்கம் கண்ணுக்கே தெரியும் அலைகளாக வெட்டப்பட்டிருக்கிறது. நமக்கு நாகஸ்வரம் போதுமாயிருந்தது.

ஆனால் இந்தப் பரீட்சை தட்டையும் தின்கிறது. செட்காரரின் அதே தட்டு பிற்பாடு என்னிடம் வந்து சேர்ந்தது. நல்ல டர்ன்டேபிளில், லேசான முள்ளில் போட்டுப் பார்த்தேன். முள் தடுமாறவில்லை, கரகரப்பு மட்டும் அப்படியே இருந்தது. பழைய முட்களும் நாலணாவும் செதுக்கி வைத்தது அது. அதைக் காருகுறிச்சியின் வாசிப்பில் உள்ள முரட்டுத்தனம், கரிசல் மண்ணின் குணம் என்றெல்லாம் ரசித்து நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். நண்பர் ஒருவரிடமிருந்த, அதிகம் ஓடாத பிரதியில் அதே இடம் எண்ணெய் ஒழுகுவது போல் வழிந்தது. 1964இல் மறைந்துவிட்ட ஒரு கலைஞரைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் பாதி, மழுங்கிய முள்ளைப் பற்றியது.

தேய்ந்த தட்டை எறிய மனமில்லை. எத்தனை பந்தல்களில் அது ஓடியது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. ஆனால் அது கேட்டவர்களின் சரித்திரம், வாசித்தவருடையது அல்ல. இரண்டையும் குழப்பிய அந்தக் கட்டுரையை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.