யவன ஞானியரும் வள்ளுவரின் முயற்சி நெறியும்

பெங்களூர் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு அல்சூர் ஏரிக்கரை வெறும் நீர்க்கரை அன்று. ஆங்குத் திருவள்ளுவர் சிலை 1991-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்றும், பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்பெறாமலே நின்றது. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9-ஆம் நாள், கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா முன்னிலையில், தமிழக முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி அதனைத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, கன்னட ஞானியாகிய சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பெற்றது. அறம் உரைத்தார் எம்மொழியினர் ஆயினும் நம்மவரே என்பதற்கு இவ்விரு சிலைகளும் சான்றாம்.

அவ்வாறாயின், யவனர் என்று நம் சங்கச் சான்றோர் குறித்த கிரேக்க நாட்டாரின் ஞானியரையும் நாம் அறிந்துகொள்ளல் தகும். அப்பெயர் பின்னர் உரோமானியரையும் குறித்தது. அவர்தம் வெள்ளிக் காசுகள் 1891-இல் நம் யஷ்வந்தபுரத்தருகே மண்ணிலிருந்து வெளிப்பட்டன. இன்று நாம் மூட்டை முடிச்சுகளுடன் ஊருக்கு வண்டி ஏறும் இடத்திற்கு, இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் வெளிவந்த காசு எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது! வள்ளுவர் யவனரிடம் கற்றார் என்று நாம் கூற வரவில்லை. தனித்தனியே தோண்டிய கிணறுகளிலும் ஊறுவது நீரே என்பதே நம் கருத்து.

சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்று இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவன் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தவறினான். அவன் தந்தையார், “எல்லாம் தலையெழுத்து ஐயா, நம் குலத்தில் படிப்பு ஏறாது” என்று கூறிக் கண் கலங்கினார். பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கும் அச்சொல் சுட்டது. அப்பொழுது நம் நினைவுக்கு வந்தவர் கிளியாந்தெசு என்னும் கிரேக்கர்.

அவர் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். நான்கே நாணயங்களுடன் ஏதென்சு நகரை அடைந்தார் என்பர். பகலெல்லாம் சீனோ என்னும் ஆசானிடம் பாடம் கேட்டார். இரவெல்லாம் தோட்டங்களுக்கு நீர் இறைத்தார். எழுதுதற்குத் தாள் வாங்கப் பொருளின்றிச் சிப்பிகளிலும் மாட்டெலும்புகளிலும் ஆசானின் சொற்களைக் குறித்துக்கொண்டாராம். அறிவு மந்தமானவர் என்று உடன் பயின்றோர் அவரைக் கழுதை என்று ஏசினர். ஆசானோ, எழுதக் கடினமான பலகையே எழுதியதை நெடுநாள் காக்கும் என்ற கருத்தில் அவரைப் போற்றினார். பத்தொன்பது ஆண்டுகள் அங்ஙனம் பயின்றவர், கி.மு. 262 அளவில் ஆசான் மறைந்தபின் அப்பள்ளிக்கே தலைவரானார். ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. அப்பள்ளியினர் ஊழை மறுத்தவர் அல்லர். உலகம் முழுதும் விதிவழி இயங்குவது என்று கொண்டவரே. ஆயினும் கிளியாந்தெசு கயிற்றை விடவில்லை.

அரிஸ்டாட்டில் என்னும் மேதை இதனையே வேறொரு முறையில் விளக்கினார். நற்பண்பு எவர்க்கும் பிறவியிலேயே முழுமையாக அமைவதன்று. வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாவதுபோல, நேர்மையான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நேர்மையாளன் ஆகிறான் என்பது அவர் கொள்கை. எனினும் அவர் அடிமைகளையும் கைத்தொழிலாளரையும் அறவாழ்வின் முழுமைக்கு உரியவராகக் கருதவில்லை. இஃது அவர்தம் குறை. நீர் இறைத்த கிளியாந்தெசும், அடிமையாயிருந்து பின் ஞானியாகிய எபிக்டெட்டசும் அக்குறையைத் தம் வாழ்வாலேயே திருத்தினர். நம் கைக்குள் உள்ளது எது, இல்லாதது எது எனப் பிரித்தறிதலே எபிக்டெட்டசின் முதற் பாடம்.

நம் வள்ளுவப் பெருந்தகையோ அறத்துப்பாலின் இறுதியில் ஊழின் பெருவலியை உரைத்தவர். பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். தெய்வம் துணை செய்யாவிடினும் மெய்வருந்திய அளவிற்குக் கூலி உண்டு என்றும், தளராது முயல்வோர் ஊழையும் புறமுதுகிடச் செய்வர் என்றும் துணிந்து கூறினார். முயற்சிக்குக் கூலி என்று உழைப்பாளியின் சொல்லையே ஆண்டமை நம்மனோர் நெஞ்சில் கொள்ளத்தக்கது. தேர்வில் கிட்டும் மதிப்பெண் நம் கையில் இல்லை. விடியற்காலையில் விளக்கேற்றிப் புத்தகத்தைத் திறப்பது நம் கையில் உள்ளது. அங்ஙனம் எழும் வழக்கமே பிள்ளைக்கு வாய்க்கும் முதற் கூலி. மதிப்பெண் பின்னர் வருவது.

இவற்றை அத்தந்தையாரிடம் கூறினோம். பையனை மாலைதோறும் நம் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொன்னோம். அலுவலகக் கணக்கிற்கும் அவன் பாடக் கணக்கிற்கும் தொலைவு மிகுதி; நாமும் புத்தகத்தைப் புரட்டிக் கற்றே கற்பிக்க நேர்ந்தது. மறுமுறை அவன் தேறினான். கணக்கில் மிகக் குறைந்த எண்தான். ஆயினும் இன்றும் மாலையில் அவன் வருகிறான், தன் தம்பியையும் அழைத்துக்கொண்டு.

பிழைப்புத் தேடிப் பிற மாநிலம் வந்த நமக்கு நிலமில்லை, செல்வாக்கில்லை. பிள்ளைகட்கு நாம் விட்டுச் செல்லத்தக்கது நல்லொழுக்கமும் ஓயா முயற்சியுமே. “தலையெழுத்து” என்னும் சொல்லை நம் வீடுகளில் இவ்வாண்டு முதலேனும் ஒழிப்போமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!