ஒரு பிடி அரிசியில் நின்ற சபை

லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மற்றீர் ஐயர் 1871இல் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தின் பெயரைத் தமிழில் ‘தர்ம பூமி’ என்று சொல்லலாம். திருவிதாங்கூரைப் பற்றிய புத்தகம் அது. அந்தப் பெயரை அவராகக் கண்டுபிடிக்கவில்லை. நாடே தன்னைத் தர்ம ராஜ்ஜியம் என்று சொல்லிக்கொண்டது. வழிநெடுக ஊட்டுப்புரைகள், தலைநகரில் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி அக்ரசாலை, ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐம்பத்தாறு நாள் வேதம் ஓதி நடக்கும் முறஜபம். எல்லா இடத்திலும் இலவசச் சோறு. உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பிராமணர்கள். அந்த நெல்லை விதைத்து அறுத்த புலையரும் பறையரும் 1855 வரை சட்டப்படி அடிமைகள். கோயில் பக்கம் நெருங்கவே முடியாதவர்களுக்கு அக்ரசாலையில் ஏது இலை? மற்றீர் அந்தப் பெயரை வைத்தபோது உள்ளே ஒரு குத்தல் இருந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அந்தப் பந்தியில் இடமில்லாத ஜனங்கள் கிறிஸ்தவர்களாகி, தங்கள் அடுக்களையில் ஒரு தர்மத்தை நடத்தினார்கள். அதன் பெயர் பிடியரிசி.

காரியம் மிகச் சின்னது. உலை வைக்கப் போகிறவள் அரிசியை நாழியால் அளந்து சுளகில் போடுவாள். கல் பொறுக்கி முடித்ததும், கழுவுவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்திருக்கும் கலயத்தில் போடுவாள். போடும்போது வாய்க்குள் ஒரு ஜெபம். மற்ற அரிசிதான் உலைக்குப் போகும். கலயம் நிறைந்ததும் அது சபைக்கு. எங்கள் பாறசாலைப் பக்கத்தில் பைபிள் உமன் என்று அழைக்கப்பட்ட அம்மா ஒருத்தர் சாக்குப்பையோடு வீடுவீடாக வருவார். நல்ல அரிசி, உடைந்த அரிசி, சிவப்பு, வெள்ளை எல்லாம் ஒரே பைக்குள் விழும். அந்தக் கலவை அரிசியை ஆலயத்தில் அளந்து விற்பார்கள். வாங்குகிறவர்களும் பெரும்பாலும் சபையில் இல்லாதப்பட்டவர்கள்தான். பணம் நோட்டில் ஏறும். உபதேசியார் சம்பளத்துக்கும், ஓலை மாற்றவும், புருஷனை இழந்த யாருக்காவது கைச்செலவுக்கும் போகும்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டன்ட் சபை மேலிருந்து வந்த கொடையில் வளர்ந்தது. மயிலாடி வேதமாணிக்கம் தஞ்சாவூர் போய் விசுவாசம் பெற்றுத் திரும்பியதும், 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் லண்டன் மிஷன் சார்பில் வந்ததும் பலருக்குத் தெரிந்த கதை. ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்டின் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு ஆலயம்கூட எழும்பியிருக்காது. அதே மிஷனின் மீட் ஐயர் நாகர்கோவிலுக்கு வந்தபோது ராணி கௌரி பார்வதி பாய் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். அதில் நெல்வயல் வாங்கி, அதன் வருமானத்தில் செமினரியை நடத்தினார்கள். ராணியின் வயல், ரெசிடென்டின் சிபாரிசு, இங்கிலாந்திலிருந்து வந்த பவுன். திருவனந்தபுரத்தில் மிஷன் ஊழியம் இன்னும் பின்னால், 1838இல், காக்ஸ் ஐயர் காலத்தில்தான் தொடங்கியது. அதற்கும் ரெசிடென்டின் தயவு வேண்டியிருந்தது.

ஆனால் தயவில் நிற்கிற சபை எத்தனை நாள் நிற்கும்? அந்தக் கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மிஷன் சங்கங்கள் எல்லாவற்றையும் பிடித்தது. சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) செயலாளர் ஹென்றி வென் லண்டனில் இருந்துகொண்டு, சுதேச சபை தன் ஊழியருக்குத் தானே சம்பளம் கொடுக்கவேண்டும், தன்னைத் தானே நடத்தவேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவது எளிது. இங்கே இருந்தவர்கள் பனையேறிகளும் கூலிக்காரர்களும், நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்களும். காசு அவர்கள் கையில் புழங்கவே இல்லை. கூலி நெல்லாக வந்தது. 1860–61இல் பஞ்சமும் கொள்ளை நோயும் சேர்ந்து அடித்த சீமை இது. இவர்களிடம் சந்தா கேட்டால் எங்கே போவார்கள்? காசு இல்லாத வீட்டிலும் உலை கொதிக்கிற நாள் உண்டு. அந்த நாளில் ஒரு பிடி. பிடியரிசியின் புத்திசாலித்தனம் அதில்தான் இருக்கிறது.

பெண்களின் சம்பாத்தியம் அதற்கு முன்பே சபைக்குள் வந்துவிட்டது. மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மாள் 1821இல் நாகர்கோவிலில் ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். ரேந்தை விற்ற காசில் தங்களை விடுவித்துக்கொண்ட அடிமைப் பெண்கள் உண்டு. மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்ட பெண்களும் இதே சபைகளைச் சேர்ந்தவர்கள்தான். குப்பாயம் போடலாம் என்று 1859 ஜூலை 26இல் அரசு விளம்பரம் செய்வதற்குள் எத்தனையோ ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்து முடிந்திருந்தன. ரேந்தைக்குச் சந்தை வேண்டும், ஊசி வேண்டும், துரைசாணி வேண்டும். பிடியரிசிக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வீட்டுக்காரன் வயலை விற்கலாம், கடன் வாங்கலாம், சபைக் கமிட்டியில் உட்காரலாம். அரிசிப்பானைக்குள் கை விடுகிறவள் அவள் ஒருத்திதான். சபைக் கணக்கில் பெண்ணின் தீர்மானம் மட்டுமே இருந்த ஒரே வரவு இதுவாகத்தான் இருக்கும்.

நான் பிறந்தது பாறசாலை. அரசாங்க எழுத்தராக வேலை கிடைத்துத் திருவனந்தபுரத்துக்கு வந்து, பணி ஓய்வு பெற்று, இங்கேயே இருந்துவிட்டேன். 1956 நவம்பரில் தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போனபோது எல்லை எங்கள் வீட்டுக்குத் தெற்கே விழுந்தது. 1959இல் எங்கள் மகாயிடவகையும் (பேராயமும்) இரண்டாகி, கன்னியாகுமரி தனி, தென் கேரளம் தனி என்றானது. பாட்டி அதற்கெல்லாம் பதறவில்லை. அவள் பதறியது அரிசிக்கு எல்லை வந்தபோது. அறுபதுகளில் மாநிலம் தாண்டி அரிசி கொண்டுபோகத் தடை, களியக்காவிளையில் சோதனை. இடுப்புச் சேலைக்குள் அரிசி கட்டிக்கொண்டு பெண்கள் நடந்து வருவார்கள். வீட்டில் ரேஷன் அரிசி ஒரு நேரத்துக்கு, மற்ற நேரத்துக்கு மரச்சீனிக் கிழங்கு. அப்போதும் பாட்டி பிடி எடுப்பாள். அம்மா ஒருநாள் பொறுக்காமல், “இதுவும் போனா பிள்ளையளுக்கு என்ன வைப்பேன் மாமி?” என்று கேட்டாள். பாட்டி சொன்ன பதில், “கிழங்கு வை மக்கா. வாங்குத கையாவே இருந்தா கை சூம்பிப் போவும்.”

இந்தப் பதிலுக்குள், பைபிளில் கடைசிப் பிடி மாவையும் பகிர்ந்துகொண்ட சாறிபாத் விதவையும் இருக்கிறாள், காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்டவளும் இருக்கிறாள். பாட்டிக்கு இரண்டு கதையும் தெரியும். ஆனால் அவள் கதையைச் சொல்லி யாருக்கும் தைரியம் கொடுத்ததாக நினைவில்லை. பிடி எடுத்தாள், அவ்வளவுதான். பஞ்ச காலத்திலும் நாம் கொடுக்கிற வீட்டார் என்ற நினைப்பு எங்களைத் தலை நிமிர வைத்தது. பிரசங்கங்களைக் கேட்டுக் கிடைக்கும் ஆறுதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டது செவ்வாய்க்கிழமை வரை தாங்குவது சிரமம். பிடியரிசியோ உலை வைக்கிற ஒவ்வொரு நாளும் விசுவாசத்தைக் கையில் பிடித்துப் பார்க்கச் சொன்னது.

இது எங்கள் மிஷனுக்கு மட்டும் உரியதல்ல. வடக்கே கத்தோலிக்கரிடையே, 2014இல் புனிதராக அறிவிக்கப்பட்ட சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அச்சன், பள்ளிக்கூடத்துக்கு வரும் ஏழைப் பிள்ளைகளின் மதியச் சோற்றுக்குப் பிடியரி சேர்த்ததாகச் சொல்வார்கள். அங்கே கெட்டுதெங்கும் உண்டு: ஒரு தென்னையைக் குறித்துவைத்து அதன் காயைப் பள்ளிக்குக் கொடுப்பது. மிசோரமில் 1910இல் தொடங்கிய கைப்பிடி அரிசி அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையின் பெரிய வருமானங்களில் ஒன்றாக வளர்ந்து, இன்றும் நடக்கிறது. கோயில் நைவேத்தியத்துக்காகக் காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் சொன்னது தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்.

திருவனந்தபுரத்துச் சபைகளில் பிடியரிசி எப்போது நின்றது என்று ஒரு நாளைக் குறிப்பிட முடியாது. சாலைக் கடைத்தெருவில் மாத அரிசியை மூட்டையாக வாங்குகிற குடும்பங்கள் வந்தன; அம்மாமார் ஆபீசுக்குப் போனார்கள்; குக்கர் வந்தது; கவர் காணிக்கை வந்தது. மாதச் சம்பளத்தில் தசமபாகம் கொடுப்பவளிடம் கலயம் எதற்கு என்று யாராவது கேட்டால் நியாயம்தான். அறுப்பின் பண்டிகை மட்டும் பெரிதாக வளர்ந்தது. ஒரு தேங்காயை ஏலத்தில் ஆயிரக்கணக்கில் ஏற்றி எடுக்கிறார்கள். எடுத்தவர் பெயரை ஒலிபெருக்கி இரண்டு முறை சொல்கிறது. சபைக்குப் பணம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏலத்தில் ஏழைக்கு வேலை கைதட்டுவதுதான். பிடியரிசியில் டாக்டர் வீட்டுப் பிடியும் கொத்தன் வீட்டுப் பிடியும் ஒரே அளவு. சாக்குக்குள் விழுந்தபின் எது யாருடையது என்று பைபிள் உமனுக்கே தெரியாது. இரண்டில் எது கிறிஸ்தவ வழக்கம் என்று கேட்டால் நான் சாக்குப்பையைத்தான் காட்டுவேன்.

பாளையத்திலிருந்து சற்றுத் தள்ளி லண்டன் மிஷனின் எல்.எம்.எஸ். வளாகத்தில் மற்றீர் நினைவாலயம் கருங்கல்லில் நிற்கிறது. அவர் பெயர் அழியாது. பிடி எடுத்த பெண்களின் பெயர் இருப்பது கிராமத்துச் சபைகளின் பழைய பிடியரிசி நோட்டுகளில் மட்டும்: பெயர், நாழி, உழக்கு, காசு. ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது அந்த நோட்டுகள் பழைய பேப்பர்காரனுக்குப் போகின்றன. உங்கள் சபையில் அப்படி ஒன்று மிஞ்சியிருந்தால் எடை போடக் கொடுத்துவிடாதீர்கள். போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியைக் கண்ணம்மூலை செமினரி நூலகத்துக்குக் கொடுங்கள்; வீட்டில் வயதான அம்மாமார் இருந்தால் அந்த வரிகளை அவர்களிடம் வாசித்து, யார் யார் என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.