தானே நீரூட்டும் தொட்டி

தானே நீரூட்டும் தொட்டி என்பது அடிப்பகுதியில் நீர்த்தேக்க அறை ஒன்றைக் கொண்டு, செடியின் வேருக்குக் கீழிருந்து சிறிது சிறிதாக நீர் வழங்கும் பூந்தொட்டி ஆகும். நாள்தோறும் நீர் ஊற்ற இயலாத வீடுகளிலும் அலுவலகங்களிலும் இது பயன்படுகின்றது. விருதுநகர், சிவகாசி போன்ற வறண்ட பகுதிகளில் இதனைத் தேர்வு செய்யும்போது நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு, நீரின் உவர்ப்பு, கொசுத் தடுப்பு ஆகிய மூன்றும் முதன்மையாகக் கருதத்தக்கவை.

செயற்படும் முறை

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போன்று, நுண்புழைமையால் நீர் தேக்கத்திலிருந்து மண்ணுக்கு ஏறுகின்றது. மேல்மண் உலர உலர, கீழிருந்து நீர் ஈர்க்கப்படுகின்றது. களிமண் இறுகி வேருக்குக் காற்று கிடைக்காமல் செய்யும். எனவே தென்னை நார்த்துகள் கலந்த இலகுவான மண்கலவை ஏற்றது.

வரலாறு

மெருகிடப்படாத மண்பானையைச் செடியருகே புதைத்து நீர் நிரப்பும் பானைப் பாசனம் இதன் முன்னோடி எனலாம். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேரைச் சென்றடையும். கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண் நூல் ஒன்று இம்முறையைக் குறிப்பிடுகின்றது. இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் இம்முறை கையாளப்படுகின்றது.

வகைகள்

* திரி வகை: தொட்டியின் அடித்துளை வழியே ஒரு திரி நீரில் தொங்கும். பருத்தித் திரி விரைவில் மக்கும்; நைலான் திரி நெடுநாள் உழைக்கும்.
* இரட்டைத் தொட்டி வகை: உட்தொட்டியின் ஒரு பகுதி மட்டும் நீரைத் தொடும். நீர்மட்டங்காட்டியும் மிகைநீர்த் துளையும் இருக்கும்.
* மண்குடுவை வகை: நுண்துளையுள்ள சிறு குடுவை மண்ணில் செருகப்படும்.

விருதுநகர் வட்டாரச் சூழல்

இம்மாவட்டம் தமிழ்நாட்டின் சராசரியைவிடக் குறைந்த மழை பெறுவது. மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றின்போது பெய்கின்றது. சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வளர்வதற்குத் துணைநின்ற அதே உலர்ந்த வானிலை, தொட்டி மண்ணையும் விரைவில் உலர்த்திவிடுகின்றது. சுட்டமண் தொட்டியின் சுவர் வழியாகவும் நீர் ஆவியாவதால், நீர்த்தேக்கத்துக்கு நெகிழித் தொட்டியே சிக்கனமானது.

தேர்வு செய்தல்

கொள்ளளவு: தேக்கத்தை நிரப்பி மூன்று நாட்கள் கழித்து, மீண்டும் நிரப்பத் தேவைப்படும் நீரை அளந்து மூன்றால் வகுத்தால் ஒரு நாள் தேவை கிடைக்கும். அது 150 மி.லீ. எனின், ஒரு லிட்டர் தேக்கம் ஏறத்தாழ ஆறு நாட்களுக்குப் போதும். கோடையில் தேவை கூடுமாதலால் அப்போது மீண்டும் அளத்தல் நன்று.

உவர்ப்பு: கீழிருந்து ஏறும் நீர் மேற்பரப்பில் ஆவியாகி, உப்பை வெண்படலமாக விட்டுச் செல்லும். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர், ஒன்றிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மேலிருந்து மிகுதியாக நீர் ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். இதற்கு வடிகால் அடைப்பான் உள்ள தொட்டி தேவை. ஆர்.ஓ. வடிகட்டியின் கழிவுநீரில் உப்பு மேலும் செறிந்திருப்பதால் அது உகந்ததன்று. சேமித்த மழைநீர் சிறந்தது.

கொசுத் தடுப்பு: டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு எகிப்தி கொசு, வீட்டினுள்ளும் அருகிலும் தேங்கும் தெளிந்த நீரில் வளர்வது. வெப்பமான காலத்தில் முட்டை முழுக்கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும். நீர் வற்றினும் சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். எனவே திறந்த தட்டு உடைய தொட்டிகளைத் தவிர்த்து, நிரப்புவாயில் மூடியும் மிகைநீர்த் துளையில் நுண்வலையும் உள்ளவற்றையே வாங்குதல் வேண்டும். தீபாவளிக் காலம் மழைக்காலமும் ஆதலால், அப்போது வீட்டைப் பூட்டி வெளியூர் செல்வோர் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். வலையில்லாத தொட்டியாயின், தேக்கத்தைக் காலிசெய்து, மேல்மண்ணை நனைத்து, நிழலில் வைத்துச் செல்வதே பாதுகாப்பானது.

உகந்த செடிகள்

மணி பிளாண்ட், சிங்கோனியம், பன்னங்கள் போன்ற ஈரம் விரும்பும் செடிகள் இதில் நன்கு வளரும். கற்றாழை, கள்ளி, மருள் ஆகியவற்றின் வேர் இடையறா ஈரத்தில் அழுகிவிடும். அவற்றுக்கு வழக்கமான தொட்டியே ஏற்றது.

பராமரிப்பு

புதிதாக நட்ட செடிக்கு, வேர் கீழே இறங்கும் வரை சில வாரங்கள் மேலிருந்தே நீர் ஊற்ற வேண்டும். தேக்கம் வற்றியதும் ஓரிரு நாட்கள் விட்டு நிரப்பினால் வேருக்குக் காற்று கிடைக்கும். வாரம் ஒருமுறை தேக்கத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதல் கொசு முட்டைகளை அகற்றும்.