செங்கல்பட்டுச் சோதனையும் உடம்பின் முன்வரலாறும்

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. பற்றிய மருத்துவ இலக்கியத்தில் செங்கல்பட்டு என்ற பெயர் ஒரு தோல்வியின் பெயராக நின்றுவிட்டது. அந்தக் களத்தைத் தேடி இன்று கூடுவாஞ்சேரியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் எதுவும் அகப்படாது. சோதனை தொடங்கிய 1968இல் செங்கல்பட்டு மாவட்டம் என்பது இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களையும் அடக்கிய பெருநிலம். ஊசி போடப்பட்டதோ திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில். பெயரைப் போலவே அதன் முடிவும் இடம் மாறிப் படிக்கப்பட்டது என்பது என் கருத்து. ஊசி போடும் முன்பே ஒருவரின் நோயெதிர்ப்பு பழைய தொற்றுகளால் உருவாகியிருக்கிறது, அதன்மேல்தான் தடுப்பூசி வேலை செய்தாக வேண்டும் என்பதற்கு மனிதரிடமிருந்து கிடைத்த மிகப் பெரிய சாட்சியம் அது. சைட்டோமெகலோ வைரஸ் பற்றி இன்று நடக்கும் ஆய்வுகள் அந்தச் சாட்சியத்தைத் திரும்பப் படிக்க உதவுகின்றன.

சோதனையின் அளவே மலைக்க வைப்பது. 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டார்கள். அவர்களில் 2,81,161 பேருக்கு, காசநோய்த் தொற்றை அறிய உதவும் தோல் பரிசோதனையான டியூபர்குலின் பரிசோதனை செய்து, குலுக்கல் முறையில் பிரித்து, பி.சி.ஜி.யோ வெறும் நீர்மமோ செலுத்தினார்கள். பிரெஞ்சு, டேனிஷ் என இரண்டு வகைத் தடுப்பூசிகள் பயன்பட்டன. ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளியானபோது, தொடக்கத்தில் தொற்று இல்லாதவர்களிடம்கூடப் பாதுகாப்பின் சுவடே தெரியவில்லை. 1999இல் வந்த பதினைந்து ஆண்டுக் கணக்கும் பெரியவர்களுக்குப் பலன் இல்லை என்றே சொன்னது. குழந்தைகளுக்கு 27 விழுக்காடு, அதுவும் புள்ளியியல்படி உறுதியற்றது. இங்கிலாந்தில் 1950இல் பள்ளி முடிக்கும் வயதினரிடம் தொடங்கிய சோதனையோ 80 விழுக்காட்டை ஒட்டிய பாதுகாப்பைக் காட்டியிருந்தது.

ஊசிமருந்தே சத்தற்றுப் போயிருக்கும் என்பதுதான் யாருக்கும் முதலில் எழும் ஐயம். அறிக்கையில் உள்ள ஒரு சிறு விவரம் அதற்குப் பதில் சொல்கிறது. ஊசி போட்டு இரண்டரை மாதம் கழித்துக் கையில் டியூபர்குலின் குத்திப் பார்த்தபோது தோல் நன்றாகவே தடித்தது. மருந்து உயிரோடு இருந்தது, உடம்பும் அதை அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் இரண்டரை ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்தத் தடிப்பு வெகுவாக மங்கிவிட்டிருந்தது. அதே மக்களிடம், காசநோய்க் கிருமி தொடாத இளம் வயதினர்கூட, அதன் தூரத்து உறவான வேறு மைக்கோபாக்டீரியங்களின் சாற்றுக்குப் பரவலாகத் தோல் தடிப்பைக் காட்டினார்கள். ஏரித் தண்ணீரிலும் வயல் மண்ணிலும் வாழும் இந்தக் கிருமிகளைச் சோதனைப் பகுதியின் மண், நீர், சளி மாதிரிகளிலிருந்தே பிரித்தெடுத்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. இத்தகைய கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்கு முன்கூட்டியே செலுத்தினால் பி.சி.ஜி.யால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைகிறது என்று பாமர், லாங் என்ற இரு ஆய்வாளர்கள் 1966இலேயே காட்டியிருந்தார்கள். 2002இல் மலாவியையும் பிரிட்டனையும் ஒப்பிட்ட ஆய்வில், ஊசிக்கு முன்பே ஓரளவு எதிர்வினை கொண்டிருந்த மலாவி இளைஞர்களிடம் பி.சி.ஜி. கூட்டியது கொஞ்சம், பிரிட்டன் இளைஞர்களிடம் கூட்டியது அதிகம்.

மருந்து சத்தற்றது என்ற ஐயத்தைவிடக் கடினமான மறுப்பு செங்கல்பட்டு மண்ணிலிருந்தே வருகிறது. பழைய தொற்றுகள் பி.சி.ஜி.யை முடக்கின என்றால், காசநோய்க் கிருமியின் உறவான கிருமியால் வரும் தொழுநோய்க்கும் அது பயன்படக்கூடாதல்லவா? இதே மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனையில் பி.சி.ஜி. தனியாகவே 34 விழுக்காடு பாதுகாத்தது. முடக்கம் முழுமையானதல்ல என்று இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்துக் கொடுத்தபோது பாதுகாப்பு 64 விழுக்காட்டுக்கு ஏறியது. பி.சி.ஜி. உயிருள்ள கிருமி, உடம்பில் பெருகினால்தான் அதற்கு வேலை. பழைய நினைவு கொண்ட உடம்பு அதைப் பெருகவிடாமல் அடக்கிவிடும். செத்த கிருமிக்கு அந்தக் கவலை இல்லை. தொழுநோய்க் கிருமிக்கே உரிய புரதங்களும் இந்த ஏற்றத்தில் பங்கு பெற்றிருக்கும் என்பதால் இதை முடிந்த முடிவாக வைக்கவில்லை. முன்வரலாற்று விளக்கத்தோடு அது முரண்படவில்லை என்ற அளவில் நிற்கிறேன்.

அந்த முன்வரலாறு மைக்கோபாக்டீரியங்களோடு முடிவதில்லை; சைட்டோமெகலோ வைரஸ் இங்கேதான் வருகிறது. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இது ஒருமுறை புகுந்தால் ஆயுளுக்கும் உடம்பில் தங்கும். நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் இதன் எதிர்ப்பொருள் உண்டு; பலருக்குத் தாய்ப்பால் பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. உடல்நலம் உள்ளவருக்கு இதனால் காய்ச்சல்கூட வராமல் போகலாம், ஆனால் அவருடைய நினைவு டி அணுக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த ஒரு வைரஸைக் காவல் காப்பதிலேயே கழிகிறது. 210 இரட்டையர்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒருவருக்கு இந்த வைரஸ் இருந்து மற்றவருக்கு இல்லாத ஒரே கரு இரட்டையர்களிடம் நோயெதிர்ப்பு அளவீடுகளில் பாதிக்கும் மேல் வேறுபட்டிருந்தன. மரபணு ஒன்றே, வரலாறுதான் வேறு. தென்னாப்பிரிக்கக் குழந்தைகளிடம் இந்த வைரஸ் தொற்றும் காசநோய் வாய்ப்பும் சேர்ந்து வருவதை 2019இல் வந்த ஆய்வு காட்டியது. இவ்வளவு அழுத்தமான ஒரு தொற்றைச் செங்கல்பட்டில் எவரும் அளக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்வது நியாயமல்ல, 1968இல் அப்படி ஒரு கேள்வியே இல்லை. மண்ணின் மைக்கோபாக்டீரியங்களை மட்டுமே குற்றவாளியாக்கிய அன்றைய விளக்கம் இதனால் தவறாகிவிடாது. ஆனால் அது ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்தது.

செங்கல்பட்டுச் சோதனை ஒரு மாதத்துக்குக் குறைந்த சிசுக்களைச் சேர்க்கவே இல்லை. இன்று கூடுவாஞ்சேரியில் பிறக்கும் குழந்தைக்கு இடது தோளில் பி.சி.ஜி. போடப்படுவது பிறந்தவுடன், ஏரித் தண்ணீரின் கிருமியும் தாய்ப்பாலின் வைரஸும் பெரும்பாலும் இன்னும் அந்த உடம்பை எட்டாத நாளில்.