மூலமும் பிரதியும்: ஹெர்மியோன் கப்பலை முன்வைத்து

தமிழ் விமர்சனத்தில் ‘பிரதி’ என்ற சொல்லுக்கு நகல் என்றும் பொருள், வாசிக்கப்படும் பனுவல் என்றும் பொருள். பிரான்சின் ரோஷ்ஃபோர் நகரத்து உலர்துறையில் 1997-ல் கட்டத் தொடங்கிய ஹெர்மியோன் போர்க்கப்பல் இரண்டு அர்த்தத்திலும் பிரதிதான்.

அசல் ஹெர்மியோன் 1779-ல் அதே ஊரில் உருவானது. கட்டி முடிக்கச் சுமார் 11 மாதம். 1780 மார்ச்சில் லஃபாயெத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பி ஏப்ரல் 28-ல் பாஸ்டன் சேர்ந்தது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிரெஞ்சுப் படை வருகிறது என்ற சேதி அவரிடம் இருந்தது. 1793-ல் பிரெஞ்சுக் கரையோரம் பாறையில் மோதிக் கப்பல் மூழ்கிப்போனது.

சரி, மறுபடி கட்ட வரைபடம் வேண்டுமே, எங்கே போவது? பயன்பட்டது ஹெர்மியோனின் வரைபடமல்ல, அதன் சகோதரக் கப்பலான கான்கோர்டினுடையது. 1783-ல் ஆங்கிலேயர் அதைச் சிறைபிடித்து, அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். ஆக, பிரெஞ்சுப் பெருமிதத்தின் மூலம் எதிரியின் ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதே 1783-ல், அதே போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நம் கடலூருக்கு எதிரே கடலில் நடந்தது. அதன்பின் நம் நிலத்தையும் சாதியையும் அளந்து எழுதி வைத்தவர்களும் ஜெயித்தவர்களே. நம் வரலாற்றை எழுத இன்றும் அந்தக் காகிதங்களைத்தான் புரட்டுகிறோம்.

புதிய கப்பலுக்குச் சுமார் 2000 ஓக் மரங்கள் தேவைப்பட்டன. கடலோட்டத்துக்குத் தயாராக 2014 ஆகிவிட்டது. 11 மாதம் எங்கே, 17 வருஷம் எங்கே? பணம், ஆள்பலம், கைவிட்டுப்போன தொழில்நுட்பம் என்று காரணம் சொல்லலாம், எல்லாம் சரிதான். ஆனால் ரோஷ்ஃபோரில் 1767 முதல் 1852 வரை கைதிகளின் கொட்டடி ஒன்று இருந்தது. கப்பல்தளத்தின் முதுகொடிக்கும் வேலைகளைச் செய்தவர்கள் சங்கிலி பூட்டிய அந்த மனிதர்கள். அசலின் வேகத்துக்குள் ஒரு அதிகார உறவு ஒளிந்திருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கி வந்த பார்வையாளர்களின் பணமும் சேர்ந்து கட்டிய கப்பலில் மரத்தைப் பிரதியெடுக்கலாம், சங்கிலியை எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது.

இதை வைத்து மொத்த முயற்சியையும் சும்மா தள்ளிவிட வேண்டியதில்லை. தச்சனும் கொல்லனும் பாய் தைப்பவனும் கையால் கற்றுக்கொண்ட அறிவு எந்த ஆவணத்திலும் இல்லாதது. 2021-ல் கப்பலின் மரத்தில் பூஞ்சை அரிப்பு தெரியவந்து பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. நினைவுச்சின்னமாக நினைத்ததற்கும் உடம்பு இருக்கிறது, அது உளுத்துப்போகும்.

2015-ல் இக்கப்பல் அமெரிக்கா போனபோது சுதந்திரத்தின் கதையைத்தான் சுமந்து போனது. சுதந்திரம் ஏறிப்போன கப்பலின் தளத்தில் சங்கிலியோடு உழைத்தவனுக்கு இந்தப் பிரதியில் எந்தப் பலகையில் இடம்?